பட்டப்படிப்பில் பன்மாறிப் பாடம் வேண்டாம் என்போருக்கு

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நீளும் கரையோர ஊர்களில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைகளில் கணிசமானோர் ஏதோ ஒரு வகையில் புள்ளிவிபரவியல் படிக்கிறார்கள். விஞ்ஞானப் பிரிவினருக்கு அது பாடம். முகாமைத்துவம், வணிகம் படிப்போருக்கு அது கட்டாயம். கலைப்பிரிவினரோ இறுதியாண்டு ஆய்வுக்காக வினாக்கொத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகும்போது அதைச் சந்திக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் இடை, நியம விலகல், நிகழ்தகவு, ஒற்றை மாறிக்கான சோதனைகள் போதும் என்றும், பல மாறிகளை ஒருமிக்க வைத்து ஆராயும் பன்மாறிப் புள்ளிவிபரவியல் கலாநிதிப் பட்டம் வரை போகிற ஒருசிலருக்கு உரியது என்றும் ஒரு கருத்து வலுவாக ஊன்றிக் கிடக்கிறது. "பாஸ் பண்ணி வேலைக்குப் போற புள்ளைக்கு அதெல்லாம் எதுக்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். கேள்வி வீட்டோடு நிற்பதில்லை. பாடத்திட்டம் வகுப்போர் மத்தியிலும், கற்பிப்போர் மத்தியிலும் அதே கேள்வி கொஞ்சம் திருத்தமான தமிழில் உலவுகிறது.

அதற்குச் சொல்லப்படும் நியாயங்கள் நான்கு. இந்தப் பாடத்தால் ஊருக்கும் வேலைக்கும் பயனில்லை. மாறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாலே போதிய விடை கிடைத்துவிடும். கடினமான கணக்கை மென்பொருள் செய்து தரும். தமிழ்மொழி மூலம் உயர்தரம் முடித்து ஆங்கிலத்தில் பட்டம் படிக்கும் பிள்ளைக்குத் தாயக் கணிதம் தாங்க முடியாத பாரம், ஆகவே விரும்பியவர் முதுமாணியில் படிக்கட்டும்.

நான்கும் பிழை. இந்தக் கரையோரத்தைப் பொறுத்தவரை அவை பிழை மட்டுமல்ல, ஊருக்கு நட்டமும் கூட.

பயனில்லை என்ற முதல் நியாயத்தைச் சோதிக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. இங்குள்ள ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் முதல் எண் இசட் புள்ளி. ஒவ்வொரு பாடத்திலும் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி எடுக்கிறார்கள். 2001 ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக அனுமதி இந்த எண்ணில் தொங்குகிறது. 2011 ஓகஸ்டில் பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் ஒரே காலத்தில் உயர்தரப் பரீட்சை எழுதியபோது, இரு தொகுதியினரையும் கலந்து இசட் புள்ளி கணித்தார்கள். விவகாரம் நீதிமன்றம் ஏறியது. 2012 இல் உயர் நீதிமன்றம் அந்தப் புள்ளிகளை இரத்துச் செய்து, இரு தொகுதிக்கும் தனித்தனியே கணிக்கும்படி பணித்தது. வேறுவேறு பரவல் கொண்ட இரண்டு குடித்தொகைகளை ஒன்றெனக் கொண்டால் என்ன நடக்கும் என்பதை ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த ஆண்டு மனவேதனையோடு கற்றுக்கொண்டன.

அதைவிட நுட்பமான விடயம் ஒன்று இசட் புள்ளிக்குள்ளேயே இருக்கிறது. மூன்று இசட் புள்ளிகளின் சராசரி எவ்வளவு பரந்து கிடக்கும் என்பது, அந்த மூன்று பாடங்களும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைப் பொறுத்தது. பாடங்களுக்கிடையிலான தொடர்புக் குணகம் ஒவ்வோர் இணைக்கும் 0.7 என்று வைத்தால், சராசரியின் நியம விலகல் ஏறத்தாழ 0.89 ஆகும். தொடர்பு 0.3 மட்டுமே என்றால் அது 0.73 ஆகச் சுருங்கும். பரவல் செவ்வன் என்று கொண்டால், சராசரி இசட் 1.5 பெற்ற பிள்ளை முதல் சேர்மானத்தில் நூற்றுக்கு முதல் ஐவருக்குள் நிற்கிறார். இரண்டாவதில் முதல் இருவருக்குள் நிற்கிறார். எண் ஒன்றுதான், அதன் பின்னாலுள்ள திறமையின் அரிய தன்மை வேறு. கலைப்பிரிவில் தமிழ், இஸ்லாமிய நாகரிகம், அரபு, புவியியல், அளவையியல், அரசியல் விஞ்ஞானம் என்று பலவிதச் சேர்மானங்களோடு வரும் பிள்ளைகள் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள். அந்த வரிசை நியாயமானதா என்ற கேள்வியை எழுப்பவே பாடங்களுக்கிடையிலான தொடர்பு தெரிய வேண்டும். ஒற்றை மாறிப் புள்ளிவிபரவியலோடு நின்றுவிட்டவருக்கு இப்படியொரு கேள்வி இருப்பதே தெரியாது.

பிள்ளையின் விதியை இசட் புள்ளி தீர்மானிக்கிறது என்றால், குடும்பத்தின் விதியை 2023 முதல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் தீர்மானிக்கிறது. கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்துகள், வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு பரிமாணங்களில் 22 குறிகாட்டிகளை வைத்து ஒரு குடும்பம் உதவிக்குத் தகுதியானதா என்று கணிக்கப்படுகிறது. பட்டியல் வெளியானதும் நாடெங்கும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. பிரதேச செயலகங்களின் வாசலில் நின்ற தாய்மாருக்கு, தங்கள் பெயர் ஏன் விடுபட்டது என்று எவராலும் தெளிவாக விளக்க முடியவில்லை. 22 குறிகாட்டிகள் என்றால் அவற்றுக்கிடையே 231 இணைகள். இரண்டு குறிகாட்டிகள் எப்போதும் சேர்ந்தே வருமாயின் ஒரே குறை இருமுறை எண்ணப்படுகிறது. இரண்டும் எதிரெதிராகப் போனால் ஒன்று மற்றதை மறைக்கிறது. மேன்முறையீட்டுக்கு வலுச்சேர்க்கும் விளக்கம் அந்த 231 இணைகளுக்குள்தான் இருக்கிறது.

இங்கே கரையோரத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பொதுவாக ஒரு வீட்டின் சுவரும் கூரையும் தரையும் அக்குடும்பத்தின் வருமானத்தோடு சேர்ந்து உயரும். ஆகவே வீட்டின் தரத்தைப் பார்த்து வசதியை ஊகிப்பது பெரும்பாலான இடங்களில் தவறாகாது. ஆனால் சாய்ந்தமருதுப் பொலிவேரியன் கிராமம், மருதமுனை 65 மீற்றர் வீட்டுத்திட்டம் போன்ற இடங்களில் கல்வீடுகள் வந்தது சுனாமிக்குப் பிந்திய உதவியால். குடும்பத்தின் உழைப்பு வருமானத்தால் அல்ல. வீடு கல்வீடாக இருக்க, உள்ளே அடுப்பெரிக்கச் சிரமப்படும் குடும்பம் இருக்கக்கூடும். நாடு முழுவதற்கும் எடுத்த தொடர்பை இங்கே அப்படியே பொருத்தலாமா? இந்த ஊர்த் தரவில் வீட்டுத் தரத்துக்கும் வருமானத்துக்குமான தொடர்பு தளர்ந்திருக்கிறதா? இது ஓர் இறுதியாண்டு மாணவர் செய்து முடிக்கக்கூடிய ஆய்வு. அதைச் செய்ய அவருக்கு ஒரு தொடர்புத் தாயத்தை அமைக்கவும் வாசிக்கவும் தெரிந்தால் போதும்.

"ஊருக்கு உதவாது" என்போர் சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஐயும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். இலங்கையில் அந்தக் காலையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது இந்த ஊர்களைக் கொண்ட அம்பாறை மாவட்டம். அடுத்த மாதங்களில் மாவட்டத்தின் 13 முகாம்களில் 859 குடும்பங்களைச் சேர்ந்த 3,533 பேரைப் பற்றி ஆய்வாளர்கள் விசாரித்து, 2006 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் 12.9 வீதமானோர் இறந்தோ காணாமற்போயோ இருந்தனர். பெண்களில் 17.5 வீதம், ஆண்களில் 8.2 வீதம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 31.8 வீதம். வீட்டுக்குள் இருந்தவர்களில் 13.8 வீதம், வெளியே இருந்தவர்களில் 5.9 வீதம். மீன்பிடிக் குடும்பங்களில் 15.4 வீதம், ஏனைய தொழில் செய்வோரில் 11.2 வீதம்.

இந்த எண்களைத் தனித்தனியே வாசிப்பவர் உடனே ஓர் இக்கட்டில் மாட்டுவார். அந்த ஞாயிறு காலையில் பெண்களில் பலர் வீட்டுக்குள் இருந்திருப்பார்கள். அப்படியானால் பெண் என்பதா ஆபத்து, வீட்டுக்குள் இருந்ததா ஆபத்து? மீனவர் வீடு கடலை அண்டியும், உறுதி குறைந்தும் இருந்திருக்கலாம். அப்படியானால் தொழிலா காரணம், வீடா காரணம்? எல்லா மாறிகளையும் ஒரே மாதிரியுருவில் வைத்து, ஒன்றின் செல்வாக்கைக் கழித்து மற்றதைப் பார்த்த பிறகே, இவை ஒவ்வொன்றும் தன்னளவிலும் ஆபத்தைக் கூட்டியது என்று அந்த ஆய்வாளர்களால் சொல்ல முடிந்தது. கறாராக வகைப்படுத்தினால் இது ஒரே விளைவைப் பல காரணிகளால் விளக்கும் மாதிரியுரு. விளைவுகளே பலவாகும்போதுதான் பன்மாறிப் பகுப்பாய்வு முழு வடிவம் பெறுகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்று: மாறிகள் சேர்ந்து அசையும் விதத்தை அளப்பது.

அதே காலத்தில் அரசு செய்தது என்ன? கரையிலிருந்து இத்தனை மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று ஒரு கோடு கீறியது. கிழக்கில் முதலில் அது 200 மீற்றர். எதிர்ப்புகளுக்குப் பிறகு தளர்த்தப்பட்டது. தூரம் என்ற ஒரே மாறியில் போட்ட கோடு அது. பிள்ளைகள், முதியோர், பெண்கள், வீட்டின் உறுதி, தொழில் என்று ஆய்வு காட்டிய எதுவும் அந்தக் கோட்டில் இல்லை. அந்தக் கோட்டால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் எத்தனை ஆண்டுகள் அலைந்தன என்பது இந்த ஊர்களுக்குத் தெரியும். ஒற்றை மாறிச் சிந்தனை வகுப்பறையோடு நிற்பதில்லை. அது வர்த்தமானியிலும் ஏறும்.

இனி இரண்டாவது நியாயம்: ஒவ்வொன்றாகப் பார்த்தால் போதாதா?

போதாது. காரணத்தைக் கிளினிக்கில் பிள்ளையை நிறுக்கும் குடும்பநல உத்தியோகத்தரின் அட்டையிலேயே காணலாம். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 15.1 வீதமானோர் உயரத்துக்கேற்ற நிறையின்றி மெலிந்தவர்கள். இது உயரத்தைத் தனியாகவோ நிறையைத் தனியாகவோ பார்த்துச் சொல்லக்கூடிய கணக்கல்ல.

எண்ணால் காட்டலாம். கணக்கு எளிதாக இருக்க, உயரத்துக்கும் நிறைக்கும் தொடர்பு 0.9 என்று கொள்வோம். ஒரு பிள்ளை இரண்டிலும் இடையை விட 2 நியம விலகல் மேலே. இன்னொரு பிள்ளை உயரத்தில் 1.5 மேலே, நிறையில் 1.5 கீழே. ஒவ்வொன்றாகப் பார்ப்பவரின் எல்லை 1.96. ஆகவே அவர் முதல் பிள்ளையைத்தான் இரண்டு முறையும் அசாதாரணம் என்று குறிப்பார். இரண்டாவது பிள்ளையைப் பிரச்சினை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இரண்டையும் சேர்த்து அளக்கும் மஹலனோபிஸ் தூரத்தின் வர்க்கமோ முதல் பிள்ளைக்கு 4.2, இரண்டாவது பிள்ளைக்கு 45. இரு மாறிகளுக்கான 95 வீத எல்லை 5.99. முதல் பிள்ளை பெரிய உடல்வாகு கொண்ட சாதாரணப் பிள்ளை. உடனே கவனிக்க வேண்டியது இரண்டாவது பிள்ளையை. ஒவ்வொன்றாகப் பார்த்தவர் விடையில் சற்றுப் பிசகினார் என்று இதைச் சொல்ல முடியாது. விடையைத் தலைகீழாகவே எடுத்துவிட்டார்.

வறுமையிலும் இதே கதைதான். நூறு நூறு குடும்பங்கள் கொண்ட இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டால், இரண்டிலும் 25 குடும்பங்களுக்குச் சுத்தமான குடிநீர் இல்லை, 25 க்கு ஒழுங்கான கழிப்பறை இல்லை, 25 இல் பிள்ளை பாடசாலையை விட்டு நின்றுவிட்டது, 25 க்கு நிலையான வருமானம் இல்லை. ஒற்றை மாறி அட்டவணையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஓர் ஊரில் அந்த நான்கு குறைகளும் ஒரே 25 குடும்பங்களின் தலையில் விழுந்திருக்கின்றன. மற்ற ஊரில் நூறு குடும்பங்களுக்கும் ஆளுக்கொரு குறை. முதல் ஊரில் 25 வீடுகளைத் தேடிப் போய்த் தூக்கிவிட வேண்டும். இரண்டாவதில் ஊருக்கே பொதுவான திட்டங்கள் வேண்டும். இந்த வேறுபாட்டைப் பிடிக்கத்தான் சபினா அல்கயரும் ஜேம்ஸ் பொஸ்டரும் பல்பரிமாண வறுமையை அளக்கும் முறையை வகுத்தார்கள். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் அதே வழியில் 2019 ஆம் ஆண்டுத் தரவைக் கணித்து, இலங்கையரில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் பல்பரிமாண வறியவர் என்றது. தேசிய அளவில் அரசே பன்மாறியில் கணக்குப் பார்க்கிறது. அந்தக் கணக்கைக் கேள்வி கேட்க வேண்டிய பட்டதாரியை மட்டும் ஒற்றை மாறியில் நிறுத்திவிட வேண்டுமா?

ஒவ்வொன்றாகச் சோதிப்பதில் இன்னொரு அபாயமும் உண்டு. 5 வீதப் பொருண்மை மட்டத்தில் ஒன்றையொன்று சாராத பத்துச் சோதனைகளைச் செய்தால், உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாதபோதும் ஏதாவது ஒன்றில் "வேறுபாடு உண்டு" என்று வரும் நிகழ்தகவு 40 வீதம். இருபது கேள்விகள் கொண்ட வினாக்கொத்தை ஆண், பெண் என்று பிரித்து ஒவ்வொன்றாகச் சோதித்து, பொருந்தி வந்ததை மட்டும் அறிக்கையில் எழுதும் வழக்கம் இங்கிருந்துதான் பிறக்கிறது. புள்ளியியலாளர் ஹொட்டலிங் 1931 இல் தந்த ஒருங்கிணைந்த சோதனை இதற்கு முதல் மருந்து. அதைப் படிக்காமல் பட்டம் பெறும் மாணவர் தம் பிழையைப் பிழையென்றே அறியாமல் போகிறார்.

மூன்றாவது நியாயம் இன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது: எஸ்.பி.எஸ்.எஸ் செய்யும், செயற்கை நுண்ணறிவு விளக்கமும் எழுதித் தரும். கணக்கை அவை செய்யும் என்பது உண்மை. எந்தக் கணக்கைச் செய்வது, வந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில்தான் பட்டதாரி தேவைப்படுகிறார்.

இறுதியாண்டு ஆய்வுகளில் வேதவாக்காகிவிட்ட இரண்டு விதிகளைப் பார்க்கலாம். ஒன்று, க்ரொன்பாக் அல்ஃபா 0.7 ஐத் தாண்டினால் வினாக்கொத்து நம்பகமானது என்பது. கேள்விகளுக்கிடையிலான சராசரித் தொடர்பு வெறும் 0.2 ஆக இருந்தாலும், பத்துக் கேள்விகள் இருந்தால் அல்ஃபா 0.71 ஆகிவிடும். இருபது கேள்விகள் என்றால் 0.83. ஒன்றோடொன்று அரைகுறையாக ஒட்டும் கேள்விகளை எண்ணிக்கையால் பெருக்கியே இந்த எல்லையைத் தாண்டலாம். அல்ஃபா எப்படிக் கட்டப்பட்டது என்று ஒருமுறை தாளில் எழுதிப் பார்த்த மாணவருக்கு இது பத்து நிமிடத்தில் புரியும். பொத்தானை மட்டும் அழுத்தியவருக்கு ஒருபோதும் தெரியாது.

மற்றது, காரணிப் பகுப்பாய்வில் ஐகன் பெறுமானம் 1 ஐ விடக் கூடினால் அதை ஒரு காரணி என்று கொள்வது. எஸ்.பி.எஸ்.எஸ் தன் இயல்பு அமைப்பிலேயே இப்படிச் செய்கிறது. பத்துக் கேள்விகளின் தொடர்புத் தாயத்தில் ஐகன் பெறுமானங்களின் கூட்டுத்தொகை எப்போதும் பத்து. அவற்றின் சராசரி ஒன்று. ஆகவே சில ஒன்றை விடக் கூடித்தான் ஆகும். ஒன்றோடொன்று எந்தத் தொடர்பும் இல்லாத எழுமாறான எண்களை நூறு பேரின் விடைகள் என்று சொல்லி ஊட்டினாலும், மென்பொருள் நான்கோ ஐந்தோ "காரணிகளை" எடுத்து நீட்டும். மாணவர் அவற்றுக்கு "தலைமைத்துவம்", "ஊக்குவிப்பு", "வாடிக்கையாளர் திருப்தி" என்று பெயரும் சூட்டிவிடுவார். இந்தக் குறைக்கு ஹோர்ன் என்ற ஆய்வாளர் 1965 இலேயே மாற்று வழி சொல்லிவிட்டார். அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தெரிந்த தவறு இன்றும் அட்டை கட்டிய ஆய்வறிக்கைகளில் அச்சாவதற்குக் காரணம், பட்டப்படிப்பில் மென்பொருளைக் கற்பித்துப் பாடத்தைக் கைவிட்டதுதான்.

உலகம் இதற்குக் கொடுத்த விலையும் சிறிதல்ல. 2008 நிதி நெருக்கடிக்கு முந்திய ஆண்டுகளில் அமெரிக்க வீட்டுக்கடன்களைப் பொட்டலமாகக் கட்டி விற்றவர்கள், ஒவ்வொரு கடனும் தனியாக முறியும் வாய்ப்பைக் கணித்தார்கள். அவை ஒருமிக்க முறியும் வாய்ப்பைக் குறைத்து மதிப்பிட்டார்கள். சூத்திரமும் கணினியும் அவர்களிடம் இருந்தன. சூத்திரத்துக்குள் தாங்கள் இட்ட தொடர்பின் அளவு எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் போதவில்லை.

நான்காவது நியாயம் அக்கறையிலிருந்து பிறந்தது. ஆகவே அதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். தமிழில் உயர்தரம் முடித்து, ஒலுவில், சம்மாந்துறை வளாகங்களிலோ வேறெங்கோ ஆங்கில விரிவுரையில் முதன்முதலாக உட்காரும் பிள்ளையின் திணறல் உண்மையானது. ஆனால் அந்தத் திணறலுக்குப் பாடத்தை வெட்டுவது எப்படித் தீர்வாகும்? தாயங்களைச் சாதாரண தரத்திலேயே பிள்ளைகள் கூட்டிப் பெருக்கிப் பழகியிருக்கிறார்கள். பன்மாறிப் புள்ளிவிபரவியலின் அடிப்படைக் கருத்துகள் எல்லாம் இரண்டுக்கு இரண்டு தாயத்துக்குள் அடங்கும். இரண்டு மாறிகளை அச்சுகளில் குறித்து, புள்ளிகள் வட்டமாய்ப் பரவுகின்றனவா நீள்வளையமாய்ச் சாய்கின்றனவா என்று பார்த்தால் மாறற்றிறனும் கோவேரியன்ஸும் கண்ணுக்குத் தெரியும். நீள்வளையத்தின் நீண்ட அச்சுத்தான் முதன்மைக் கூறு. மேலே சொன்ன இரண்டு பிள்ளைகளின் 4.2 உம் 45 உம் கல்குலேட்டரில் இரண்டு நிமிட வேலை.

இந்தத் துறை பிறந்த கதையும் அதையே சொல்கிறது. 1920 இல் நாக்பூரில் நடந்த இந்திய விஞ்ஞான மாநாட்டில் நெல்சன் அன்னண்டேல் என்ற விலங்கியலாளர், கல்கத்தா ஆங்கிலோ இந்தியரின் உடல் அளவுகளை ஆராய்ந்து தரும்படி பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்த பிரசந்த சந்திர மஹலனோபிஸிடம் கேட்டார். ஒருவரிடம் எடுத்த பல அளவுகளை வைத்து இரண்டு குழுக்கள் எவ்வளவு தூரம் வேறுபட்டவை என்று எப்படிச் சொல்வது என்ற கேள்வியிலிருந்து 1936 இல் அவருடைய பொதுமைத் தூரம் பிறந்தது. அதே ஆண்டில் ரொனால்ட் பிஷர், மூன்று இனங்களைச் சேர்ந்த 150 ஐரிஸ் பூக்களின் இதழ் அளவுகள் நான்கை ஒன்றாக வைத்து இனங்களைப் பிரித்துக் காட்டினார். மஹலனோபிஸ் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1941 இல் பயிற்சிக்குச் சேர்ந்த சி. ஆர். ராவ், 1946 இல் கேம்பிரிட்ஜ் சென்று, சூடானின் ஜெபல் மோயாவில் தோண்டியெடுத்த எலும்புக்கூடுகளின் அளவுகளைக் கொண்டு இம்முறைகளை விரித்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது. 2023 இல் சர்வதேசப் புள்ளியியல் பரிசு அவரைத் தேடி வந்தபோது வயது 102. இவர்கள் எவரிடமும் கணினி இருக்கவில்லை. கையால் சுழற்றும் கணிப்பு இயந்திரங்களே இருந்தன. பன்மாறிப் புள்ளிவிபரவியல் மேல்நாட்டு ஆய்வுகூடங்களிலிருந்து இறங்கி வந்த ஆடம்பரப் பொருளும் அல்ல. அதன் அத்திவாரத்தில் ஒரு பெரும் பகுதி, பாக்கு நீரிணைக்கு அப்பால், காலனித்துவ இந்தியாவில் இடப்பட்டது.

முதுமாணியில் படிக்கட்டும் என்ற ஒத்திவைப்பும் நேர்மையானதல்ல. இக்கரையோரப் பட்டதாரிகளில் பெரும்பாலானோருக்குப் பட்டப்படிப்பே கடைசி வகுப்பு. அவர்களில் பலர் அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பிரதேச செயலகத்திலும், ஆசிரியராகப் பாடசாலையிலும், வங்கியிலும் உட்கார்கிறார்கள். நலன்புரிப் படிவங்களைச் சரிபார்ப்பதும், பாடசாலைப் பெறுபேறுகளைத் தொகுப்பதும், கடன் விண்ணப்பங்களைத் தரம்பிரிப்பதும் அவர்கள் கையால்தான் நடக்கின்றன. பல மாறிகளை ஒருமிக்கப் பார்க்க வேண்டிய வேலையில் அமர்பவருக்கு அந்தப் பார்வையைக் கற்பிக்காமல், ஆய்வாளராகப் போகும் ஒருவருக்கு மட்டும் அதைச் சேமித்து வைப்பதில் எந்த நியாயமும் இல்லை.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஒரு பகுதி சரி. இப்போது பல இடங்களில் கற்பிக்கப்படும் விதத்தில் இப்பாடம் கற்பிக்கப்படுமானால், அது இல்லாமலே இருக்கலாம். ஒரு பக்கம் விஷார்ட் பரவலின் நிறுவல்களை மனனம் செய்விக்கும் தாள், மறுபக்கம் எந்தப் பட்டியைத் திறந்து எந்தப் பெட்டியில் சரி போடுவது என்று காட்டும் ஆய்வுகூட வகுப்பு. இரண்டும் மாணவரைத் தரவிடம் கொண்டுபோவதில்லை. கற்பித்தலின் இந்தக் குறைக்குப் பாடத்தை நீக்குவது பரிகாரமாகாது; பாடத்தைத் திருத்த வேண்டும்.

திருத்துவது எப்படி என்பதும் தெளிவு. இரண்டு மாறிகளில் எல்லாவற்றையும் முதலில் கையால் செய்விக்க வேண்டும்: கோவேரியன்ஸ் தாயம், அதன் நேர்மாறு, ஐகன் பெறுமானங்கள், மஹலனோபிஸ் தூரம். மூன்று மாறிக்கு மேல் போகும்போது ஆர் என்ற மென்பொருளுக்கு மாறலாம். அது இலவசம், எந்த மாணவரின் மடிக்கணினியிலும் ஓடும். ரூபாயில் எடுத்த வருமானத்தையும் எண்ணிக்கையில் எடுத்த பிள்ளைகளையும் அளவு திருத்தாமல் ஒரே பகுப்பாய்வில் போட்டால் முதன்மைக் கூறு வெறும் வருமானமாகவே திரும்பி வரும் என்பதை அவர்களே செய்து காண வேண்டும். எழுமாறான எண்களை ஊட்டி, மென்பொருள் எடுத்துத் தரும் பொய்க் காரணிகளை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். விரிவுரை ஆங்கிலத்தில் நடந்தாலும், பயிற்சி வகுப்பில் மாணவர் தம் விடையின் பொருளைத் தமிழில் சொல்லி வாதாட இடம் கொடுக்க வேண்டும். கலை, முகாமைத்துவ பீட மாணவருக்கு நிறுவல்கள் தேவையில்லை. வினாக்கொத்தைக் கையில் எடுக்குமுன் இந்தப் பயிற்சிகளில் ஓர் அரையாண்டு கட்டாயமாக வேண்டும்.

நேரம் எங்கே என்று கேட்பார்கள். இரண்டு இடைகளை ஒப்பிடும் சோதனையை மாணவர் முதலாம் ஆண்டில் படித்து, இரண்டாம் ஆண்டில் வேறு தலைப்பில் படித்து, இறுதியாண்டு ஆய்வுமுறை வகுப்பில் மூன்றாம் முறையும் கேட்கிறார். அந்த மூன்றாம் முறையின் மணித்தியாலங்கள் இதற்குப் போதும். அந்த மணித்தியாலங்களில், அம்பாறைக் கரையோரத்தின் ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் தெரிந்தெடுத்த ஒரு மாதிரிக் குடும்பங்களிடம், அஸ்வெசும கேட்கும் அதே 22 குறிகாட்டிகளை மாணவர் குழுக்கள் மீளத் திரட்டி, அவற்றின் தொடர்புத் தாயத்தைத் தயாரிக்கட்டும். சுனாமி வீட்டுத்திட்டங்களில் அந்தத் தாயம் ஏனைய இடங்களிலிருந்து எவ்வாறு மாறுபடுகிறது என்று எழுதட்டும். அந்த அறிக்கையின் ஒரு பிரதி நூலகத்துக்கும், மற்றொரு பிரதி மேன்முறையீடுகளை விசாரிக்கும் பிரதேச செயலாளரின் மேசைக்கும் போகட்டும்.